அடியா, மீட்டரா? ஐந்து சென்ட்டில் வீடு கட்டப் போகும் தம்பிக்கு

போன மாதம் தம்பி போன் செய்தான். திருச்சிக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கிறான். "அண்ணே, இன்ஜினியர் பிளானை மீட்டர்ல போட்டிருக்காரு. கொத்தனாரு, அடியில குடுங்க, இல்லன்னா எனக்கு ஓடாதுங்கிறாரு. எதுல போகட்டும்?"

இரண்டு வருஷத்துக்கு முன் வீடு கட்டி முடித்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். அன்று இதே கேள்வி எனக்கு வந்தபோது யோசிக்காமல் "எல்லாத்தையும் அடியிலேயே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கு விலையாக ஒரு ஜன்னலையும் ஒரு படிக்கட்டையும் பத்து நாள் வேலையையும் கொடுத்தேன். அதனால் இம்முறை கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நமக்கு இரண்டு அளவும் பழக்கம்தான். துணியை மீட்டரில் வாங்கி இஞ்சில் தைக்கிறோம். வெயிலைச் செல்சியஸில் பேசுகிறோம், காய்ச்சல் மட்டும் நூற்றிரண்டு என்று ஃபாரன்ஹீட்டில் அடிக்கிறது. 1956-இல் நிறுத்தல் அளத்தல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு நயா பைசா வந்தது, 1962 ஏப்ரலில் கடைகளில் மெட்ரிக் எடைக்கல் கட்டாயமானது. ராத்தலும் வீசையும் ஒரு தலைமுறைக்குள் ஓடிப்போயின. அடியும் இஞ்சும் போகவில்லை. எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் வருவார். கொத்தனாரின் டேப்பைப் பார்க்க யார் வருவார்? அந்த டேப்பிலும் ஒரு ஓரத்தில் இஞ்ச், மறு ஓரத்தில் சென்டிமீட்டர். எந்த ஓரத்தைப் பார்ப்பது என்பது அவரவர் கைப்பழக்கம்.

மெட்ரிக் சுலபம், பத்துப் பத்தாகப் பெருகும், ஆகவே அதற்கே மாறு என்று தம்பியிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டடத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு அளவில் பிறந்து வருகிறது. டைல்ஸ் ஆலையில் மில்லிமீட்டரில் பிறக்கிறது. குழாயின் மரை இஞ்சில் பிறக்கிறது. பட்டா ஹெக்டேரில். அம்மாவின் ஆசை அடியில். பிறந்த அளவிலேயே அதை எண்ணினால் கணக்கு நேராக வரும், வேறு அளவுக்கு மாற்றி மாற்றி எண்ணும் இடத்தில்தான் கசியும். எங்கே கசிந்தால் தாங்கும், எங்கே தாங்காது என்பதுதான் பார்க்க வேண்டியது.

மனை: சென்ட்டில் பேசு, சதுர மீட்டரில் கையெழுத்துப் போடு

நிலத்தில் இருக்கும் அளவுக் குழப்பம் வேறெதிலும் இல்லை. தரகர் சென்ட் என்கிறார், சென்னைக்காரர் கிரவுண்ட் என்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம் மா, குழி. பத்திரத்தில் சதுர அடி. பட்டாவைத் திறந்தால் ஹெக்டேர், ஏர்.

சென்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தெளியும். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள், ஒரு கண்ணிதான் லிங்க். கிரிக்கெட் பிட்ச்சில் இரு ஸ்டம்புகளுக்கு நடுவே உள்ள 22 கெஜமும் இதே 66 அடிதான். அந்த நீளத்தையே நாலு பக்கமும் வைத்துச் சதுரம் போட்டால் பத்து சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் ஒரு ஏக்கர். ஆக ஏக்கர் 43,560 சதுர அடி, சென்ட் 435.6 சதுர அடி. தம்பியின் ஐந்து சென்ட், அரைப் பிட்ச் அகலமும் முழுப் பிட்ச் நீளமும் கொண்ட துண்டு. இதைச் சொன்னதும் அவனுக்கு மனை கண்ணில் வந்துவிட்டது. "202 சதுர மீட்டர்" என்று சொல்லியிருந்தால் வந்திருக்காது. நிலத்தைக் கண்ணால் பார்க்க, பேரம் பேச, சென்ட்டும் கிரவுண்டும்தான் நல்லவை. கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது அறுபதுக்கு நாற்பது.

ஆனால் பணமும் கையெழுத்தும் வரும் இடத்தில் நிலைமை வேறு. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. பட்டாவில் அதே துண்டு 0-2.00 என்று இருந்தால், ஹெக்டேர் பூஜ்யம், ஏர் இரண்டு. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். இரண்டு ஏர் 200 சதுர மீட்டர், 2,152.8 சதுர அடி. பேசியதற்கும் பட்டாவுக்கும் இருபத்தைந்து சதுர அடி இடைவெளி. சதுர அடி இரண்டாயிரம் என்று வைத்தால் ஐம்பதாயிரம் ரூபாய். யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, பழைய கணக்கை மெட்ரிக்குக்கு மாற்றி எழுதும்போது தசமத்தை முழுசாக்கி உருட்டினாலே இவ்வளவு ஆகிவிடும். வாங்குகிறவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அதனால் சர்வேயரை வைத்து நாலு பக்கத்தையும் அளந்து, மீட்டரில் எழுதி வாங்கச் சொன்னேன். பட்டாவும் புல வரைபடமும் மெட்ரிக்கில் இருக்கும்போது ஒப்பிட அதுதான் வசதி. புலப்படத்தின் கோட்டில் 18.4 என்று இருந்தால் அது மீட்டர். கையில் கிடைத்தது மிகப் பழைய படம் என்றால் அந்த எண் லிங்க்காக இருக்கலாம். ஒரு லிங்க் எட்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, 7.92. இதைத் தெரியாமல் எல்லைத் தகராறு செய்கிறவர்கள் உண்டு.

இன்னொரு பொறி: மீட்டரை அடியாக்க நீளத்துக்கு 3.28-ஆல் பெருக்க வேண்டும், பரப்புக்கு 10.764-ஆல். பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு சதுர மீட்டருக்கு 10,764 ரூபாய் என்றால் சதுர அடிக்கு ஆயிரம். அதை 3.28-ஆல் வகுத்துவிட்டு "அரசாங்கமே மூவாயிரத்துக்கு மேல போட்டிருக்கு" என்று அதிர்ந்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி 40.6", அதாவது கிழக்கு மேற்காக இத்தனை அடி, என்று எழுதியிருப்பதையும் கவனிக்கச் சொன்னேன். அது நாற்பது அடி ஆறு இஞ்சா, நாற்பது புள்ளி ஆறு அடியா? ஆறு இஞ்ச் என்றால் 40.5 அடி, இல்லையென்றால் நாற்பது அடி ஏழு இஞ்சுக்கு மேல். அடிக்குள் பன்னிரண்டு, எண்ணுக்குள் பத்து. இந்தச் சண்டை மீட்டரில் எழவே எழாது. அடியின் மிகப் பெரிய பலவீனம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சாலை அகலமும் அப்படித்தான். விளம்பரத்தில் 30 அடி ரோடு, மனைப்பிரிவு வரைபடத்தில் 9 மீட்டர். ஒன்பது மீட்டர் இருபத்தொன்பதரை அடிதான். விளம்பரத்தை விடு, வரைபடத்தைப் பார் என்றேன்.

அரசாங்கமும் நம்மைப் போலத்தான். கட்டட விதிகளில் காலியிடம் விடுவது, உயரம், எல்லாம் மீட்டர். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டர் என்று எல்லை வைக்கிறது. 2024-இல் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடிக் கட்டட அனுமதி கொண்டுவந்தபோது மட்டும், மனை 2,500 சதுர அடி வரை, கட்டடம் 3,500 சதுர அடி வரை என்று சதுர அடியில் சொன்னது. ஜனங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா!

கடைக்கால் முதல் கூரை வரை: கொத்தனார் சொல்வது சரி

இங்கே நான் அடிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். நாட்டுச் செங்கல் ஒன்பது இஞ்ச், நாலரை இஞ்ச், மூன்று இஞ்ச் என்ற கணக்கில் வளர்ந்தது. சூளைக்குச் சூளை கால் இஞ்ச் முன்னே பின்னே இருக்கும், கலவைச் சந்து அதை விழுங்கிவிடும். சுவரே "ஒம்போது இஞ்ச் செவுரு", "நாலரை இஞ்ச் செவுரு" என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறது. அதைப் போய் 230 மி.மீ. என்று சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

தச்சர், கம்பி கட்டுகிறவர் பேச்சில் இஞ்சுக்குக் கீழே நூல் இருக்கிறது. எட்டு நூல் ஒரு இஞ்ச். "ரெண்டு நூல் இழைச்சுடு" என்றால் கால் இஞ்ச். "மூணு நூல் கம்பி" என்று பழைய ஆட்கள் சொல்வது இன்றைய 10 எம்எம், "நாலு நூல்" என்பது 12 எம்எம். சரியாகப் பார்த்தால் மூன்று நூல் 9.5, நாலு நூல் 12.7. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது, உள்ளே இருக்கும் அளவு மாறிவிட்டது. பவுன் என்று சொல்லி 8 கிராம் வாங்குகிறோமே, அதே கதைதான்.

மூலைமட்டம் பார்க்க ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் நாலு, குறுக்கே ஐந்து என்று டேப் பிடிப்பார்கள். இது அடியிலும் வரும், மீட்டரிலும் வரும், கயிற்றில் முடிச்சுப் போட்டாலும் வரும். கடைக்காலுக்கு வானம் தோண்டுவதில், சுவர் எழுப்புவதில் ஒரு தடவை ஏற்படும் அரை இஞ்ச் பிசகு பூச்சில் மறைந்துவிடும். பிளானில் கம்பி இடைவெளி 150 மி.மீ. என்றிருக்க, சைட்டில் ஆறு இஞ்ச் என்று கட்டினால் வித்தியாசம் 2.4 மி.மீ. கான்கிரீட் தளம் 125 மி.மீ. என்றிருக்க, ஐந்து இஞ்ச் போட்டால் 2 மி.மீ. கூடுதல். கொத்தனாரைப் பழக்கமில்லாத அளவுக்கு மாற்றினால் அவர் மனதுக்குள் பெயர்த்து, அதில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிடும் ஆபத்துதான் இதைவிடப் பெரியது.

அடி நிலைத்து நிற்க இன்னொரு காரணம் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. மனையடி சாத்திரம். அறை பத்தடி இருந்தால் கால்நடை பெருகும், பதினொன்று என்றால் பால்சோறு, பன்னிரண்டில் செல்வம் குறையும், பதின்மூன்றில் நோய். இந்தப் பட்டியலை மீட்டரில் யாரும் அச்சடிக்கவில்லை. சாத்திரத்து அடியும் 304.8 மி.மீ. அடியும் ஒன்றுதானா என்று வீட்டில் கேட்டுவிடாதீர்கள், கட்டடம் எழும்பாது.

ஒரு விதிவிலக்கு. செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக் என்று எடை குறைந்த வெள்ளைக் கல் போடுவதாக இருந்தால், அது ஆலையில் 600 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம் என்று துல்லியமாக வெட்டி வருவது. அதில் சந்து விழுங்காது, ஒட்டும் பசை இரண்டு மூன்று மி.மீ.தான். அப்போது சுவரையும் மில்லிமீட்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. தம்பி செங்கல்தான் போடுகிறான்.

படி, டைல்ஸ், ஜன்னல்: நான் தோற்ற இடம்

சுவர் எழும்பும்வரை எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முதலில் படி. தளத்துக்குத் தளம் பத்து அடி உயரம். படிக்கு ஆறு இஞ்ச் என்று வைத்தால் இருபது படி, கணக்கு அழகாக முடிகிறது. ஆனால் படிக்கட்டின் விவரப் படம் மட்டும் இன்னொருவர் மெட்ரிக்கில் போட்டுக் கொடுத்தது. அதில் படி உயரம் 150 மி.மீ. பலகை அடித்தவர் அதன்படி அடித்துவிட்டார். ஆறு இஞ்ச் என்பது 152.4 மி.மீ. ஒரு படியில் 2.4 மி.மீ. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இருபது படி ஏறினால் 48 மி.மீ., ஏறத்தாழ இரண்டு இஞ்ச். பத்து அடி 3,048 மி.மீ., படிகளோ 3,000-இல் நின்றுவிட்டன. கடைசிப் படி மட்டும் எட்டு இஞ்ச் உயரம். ஏறும்போது கால் தானாகப் பழகிய உயரத்துக்குத் தூக்கும், கடைசியில் தட்டும். மேல் நாலு படியைக் கொத்திவிட்டு உயரத்தைப் பங்கு போட்டுத் திரும்பக் கட்டினோம்.

ஒரு தடவை வரும் பிசகு தாங்கும், திரும்பத் திரும்ப வரும் பிசகு கூடிக்கொண்டே போகும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இடறித் தெரிந்துகொண்டேன்.

டைல்ஸிலும் அதேதான். கடையில் "ரெண்டுக்கு ரெண்டு" என்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 600 x 600 மி.மீ. இரண்டு அடி 609.6 மி.மீ. ஒரு கல்லுக்கு ஒன்பதரை மி.மீ. குறைவு. பரப்பில் நாலு சதுர அடி அல்ல, 3.875 தான். ஆயிரம் சதுர அடித் தரைக்கு நாலால் வகுத்து 250 கல், சேதாரத்துக்கு மேலே கொஞ்சம் என்று நான் ஆர்டர் கொடுத்தேன். உண்மையில் ஒரு துண்டுகூட வீணாகாவிட்டாலும் 259 வேண்டும். வெட்டும்போது வரும் சேதாரத்துக்குச் சேர்த்திருந்த கல் எல்லாம் இந்த ஒன்பதிலேயே கரைந்துவிட்டது. மறுபடி வாங்கப் போனால் அதே டிசைன், வேறு லாட், நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது. நிறம் மாறிய இடத்தின் மேல் இப்போது ஒரு பாய் விரித்திருக்கிறோம்.

இருபது அடி ஹாலில் பத்துக் கல் சரியாக நிற்கும் என்று எண்ணிய மனக்கோட்டையும் இடிந்தது. 6,096 மி.மீ. நீளத்தில் பத்துக் கல் 6,000. கல்லுக்குக் கல் விடும் சந்தைக் கழித்தாலும் மூன்று இஞ்சுக்கு மேல் ஒரு பட்டை துண்டு போட வேண்டியிருந்தது, அதுவும் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் பக்கத்தில்.

மூன்றாவது ஜன்னல். சுவரில் நாலு அடி திறப்பு விட்டோம், 1,219 மி.மீ. யுபிவிசி ஜன்னல் செய்கிறவர் 1,200 என்று குறித்துக்கொண்டு போனார். நானும் சரி, இடைவெளி இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பூச்சு ஏறியது. திறப்பு 1,194 ஆனது. ஜன்னல் வந்து வாசலில் நின்றது, உள்ளே போகவில்லை. யார் மேல் தப்பு என்று அரை நாள் பேசினோம். அவர் பூச்சுக்கு முந்தைய அளவை எடுத்தார், நான் பூச்சுக்குப் பிந்தையதைச் சொல்லவில்லை. இதில் அடிக்கும் மீட்டருக்கும் நேரடிப் பங்கில்லை என்று சொல்லலாம். ஆனால் இருவரும் ஒரே மில்லிமீட்டரில் ஒரு தாளில் எழுதியிருந்தால் அந்த இருபத்தைந்து எங்கே போயிற்று என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். "நாலடி" என்ற சொல் பெருந்தன்மையானது, அரை இஞ்ச் ஒரு இஞ்சைக் கண்டுகொள்ளாது.

ஆகவே சமையலறை மேடை, அலமாரி, கதவு, ஜன்னல், படி, தரை இத்தனைக்கும் மில்லிமீட்டர். புகைபோக்கி 60 சென்டிமீட்டர் அல்லது 90 சென்டிமீட்டர் என்றுதான் வருகிறது, பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கும் 600 மி.மீ. இடம் கேட்பார்கள். ப்ளைவுட் மட்டும் இரண்டு வீட்டுப் பிள்ளை: நீளம் எட்டு அடி, அகலம் நாலு அடி, தடிமன் 18 மி.மீ.! அதை அப்படியே விட்டுவிடலாம், ஆசாரிகளுக்கு இதில் குழப்பமே இல்லை.

தண்ணீர் என்றால் மீட்டர்தான்

சம்ப்புக்கு எட்டு அடி நீளம், ஆறு அடி அகலம், ஆறு அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை லிட்டர்? 288 கன அடி, அதை 28.3-ஆல் பெருக்கி 8,150 லிட்டர். 28.3 என்ற எண் நினைவிருந்தால்தான் இது நடக்கும். மீட்டரில் அளந்திருந்தால் பெருக்கிய கையோடு விடை, கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தச் சம்ப்பையே "சுமாராக" 2.4, 1.8, 1.8 மீட்டர் என்று உருட்டினால் 7,776 லிட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் உருட்டியது நூற்றுக்கு ஒன்றரைதான். மூன்று பக்கம் பெருகும்போது நாலரை ஆயிற்று, 375 லிட்டர் காணோம். நீளத்தில் பொறுக்கக்கூடிய உருட்டல் பரப்பில் இரட்டிக்கும், கொள்ளளவில் மூன்று மடங்காகும்.

மழைநீர்க் கணக்கு மெட்ரிக்கின் தனி அழகு. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். வானிலை அறிக்கையில் 10 மி.மீ. மழை என்று வந்தால் மாடியில் 930 லிட்டர் விழுந்திருக்கிறது. காகிதமே வேண்டாம். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழி எவ்வளவு பெரிசு வேண்டும் என்று இதைக் கொண்டே தம்பி போனிலேயே கணக்குப் போட்டான்.

கான்கிரீட்டுக்கும் இதே முறை. ஐந்து இஞ்ச் தளம், ஆயிரம் சதுர அடி. அடியில் போனால் ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கி, வந்த 417 கன அடியை 35.3-ஆல் வகுத்து 11.8 கன மீட்டர். ரெடிமிக்ஸ் வண்டி கன மீட்டரில்தான் விலை சொல்லும். சைட்டிலேயே கலப்பதாக இருந்தால் அடிக்குத் திரும்பிவிடு, ஏனென்றால் எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டில் வருகின்றன. ஒரு யூனிட் 100 கன அடி. லாரியின் பெட்டியை உள்பக்கமாக டேப்பால் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் உண்மை தெரியும். "மூணு யூனிட்" என்று சொன்ன வண்டி இரண்டே முக்காலாக இருப்பது அடிக்கடி நடப்பது. எடைமேடைக்கு அனுப்பி டன்னில் வாங்கினால் ஈரம் சேர்ந்த எடைக்கும் காசு கொடுக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்.

கம்பியில் எனக்கு எந்த மனக்குழப்பமும் இல்லை. எடையில் வாங்குவது. கம்பி விட்டத்தின் எம்எம்-ஐ அதே எம்எம்-ஆல் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம் கம்பிக்கு மீட்டருக்கு 0.89 கிலோ. கடையில் "நாப்பதடிக் கம்பி" என்பது 12 மீட்டர், நாற்பதுக்கு அரை அடிக்கு மேல் குறைவு. எடைக்குத்தானே காசு, அதனால் நஷ்டமில்லை. ஆனால் துண்டு வெட்டும் பட்டியலை நாற்பது அடி என்று வைத்துப் போட்டால் கடைசித் துண்டு குட்டையாகிவிடும்.

குழாய்: இஞ்ச் என்று எழுதியிருப்பது இஞ்ச் அல்ல

உலகம் பெரும்பாலும் மெட்ரிக்குக்குப் போன பிறகும் குழாயின் மரை இஞ்சிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் செய்த ஷவரும் நம் அரை இஞ்ச் மரையில்தான் ஏறும். ஆகவே பாத்ரூமில் இஞ்சை எதிர்த்துப் போராடிப் பயனில்லை.

ஆனால் அரை இஞ்ச் குழாயை டேப் வைத்து அளந்தால் எங்கும் அரை இஞ்ச் வராது. அது பெயர் மட்டும். வெள்ளை யுபிவிசியில் அரை இஞ்ச் என்பதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ. வெந்நீருக்குப் போடும் சிபிவிசியில் அதே அரை இஞ்சுக்கு 15.9 மி.மீ. தோட்டத்துக்குப் போடும் சாதாரண பிவிசி 20 எம்எம், 25 எம்எம் என்று வெளிவிட்டத்திலேயே பெயர் வாங்குகிறது. 20 எம்எம் குழாயும் அரை இஞ்ச்தானே என்று வாங்கி வந்து யுபிவிசி இணைப்புக்குள் செருகினால் லொடலொடவென்று ஆடும். பசை தடவி ஒட்டிவிடுகிறேன் என்று பிளம்பர் சொன்னால் விடாதே, சுவருக்குள் போன பிறகு அது சொட்டும். குழாயும் இணைப்பும் ஒரே வகையா என்பதைக் குழாய் மேல் அச்சிட்ட வரியைப் படித்து உறுதி செய்துகொள்வது ஒன்றே வழி. இந்த ஒரு இடத்தில் எந்த மாற்றுக் கணக்கும் உதவாது.

போர்வெல் அடியில் போகும், விட்டம் இஞ்சில். மோட்டார் குதிரைத்திறன், 746 வாட் என்று தெரிந்தால் மின்கட்டணக் கணக்குக்குப் போதும். ஏசி டன். டிவி இஞ்ச். இவற்றில் தலையைப் போட்டு உடைக்க ஒன்றுமில்லை.

ஒப்பந்தம் எழுதும்போது

கட்டுமான ஒப்பந்தம் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது, அப்படியே இருக்கட்டும். சதுர மீட்டருக்கு விலை சொன்னால் ஊரில் மற்றவர் கொடுத்த விலையோடு ஒப்பிடவே முடியாது. சதுர அடி எதைக் குறிக்கிறது என்பதில்தான் வம்பு: சுவரைச் சேர்த்தா, பால்கனியைப் பாதியாகவா, படிக்கட்டின் கீழா, தண்ணீர்த் தொட்டி தனியா. இது அளவைப் பற்றிய கேள்வியே அல்ல, ஆனால் அளவுச் சண்டை என்று எல்லோரும் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

தம்பிக்கு நான் சொன்ன ஏற்பாடு இதுதான். மூலப் பிளான் மில்லிமீட்டரில் இருக்கட்டும், இன்ஜினியர் போட்டபடியே. அதிலிருந்து கொத்தனாருக்கு அடி, இஞ்சில் ஒரு நகல், அதை இன்ஜினியரே மாற்றித் தரட்டும், நீயோ மேஸ்திரியோ மாற்றாதே. நகலில் இருக்கும் அடியை யாரும் திரும்ப மீட்டராக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் மூலத்துக்குப் போ. படிக்கும் தரைக்கும் ஜன்னலுக்கும் நகல் வேண்டாம், அந்த ஆட்களுக்கு மில்லிமீட்டரே கையோடு வரும். உன் டேப்பில் மெட்ரிக் ஓரத்தை மட்டும் பார்த்து நீயும் பழகு.

பிளானைப் பார்த்த அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். படுக்கையறை அகலம் 3,300 என்று இருந்தது. தம்பி அதை அடியில் சொன்னான், பத்தடி பத்து இஞ்ச். "பத்துமில்லாம பதினொண்ணுமில்லாம இதென்னடா" என்று பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். பதினோரு அடி என்றால் 3,353 மி.மீ., இரண்டு பக்கமும் பூச்சுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு சேர்த்தால் சுவருக்குச் சுவர் 3,377. இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "3,375-ன்னு முழுசா வச்சுக்கலாமே சார், ரெண்டு எம்எம் தானே" என்றார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். 3,377 ஆகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.